டெலிவரிக்குப் புறப்பட்டது

"வீட்ல துப்பாக்கி இருக்கிறதுன்னா என்னன்னு நினைச்சே, அது வீட்ல ஒரு…" அதற்குமேல் அப்பா என்ன சொன்னார் என்பதுதான் குமரகுருவுக்கு நினைவுக்கு வரவில்லை. வயசான மாமியார் இருக்கிற மாதிரி என்றாரா, சினைமாடு நிற்கிற மாதிரி என்றாரா. மாமியார் என்றுதான் காதில் ஒலிக்கிறது, ஆனால் அம்மா அடுப்படியில் இருக்கும்போது அப்பா அதைச் சொல்லியிருக்க வழியில்லை, சொல்லியிருந்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருந்திருக்காது, ஆகவே மாடாகத்தான் இருக்கவேண்டும் என்று ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடி அவன் முடிவு கட்டினான், கட்டின கையோடு அது அவிழ்ந்தும் போயிற்று. மடியில் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ரைஃபிள் கிடந்தது. விரிப்பு முழுக்க மயில்கள். காலையில் மனைவி தமயந்தி பீரோவைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள், இப்போது ஒரு மயிலின் கழுத்துக்குள்ளிருந்து குழல்முனை எட்டிப் பார்த்தது, அவன் அதை மறுபடி மறுபடி இழுத்து மூடினான். தேர்தல் அறிவித்தாகிவிட்டது. மலையில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கீழே வந்து ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும், ஓட்டு எண்ணி முடித்தபிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். அப்பாவுக்கு அது ஒரு விசேஷம். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் துப்பாக்கி, முதல் பஸ்ஸில் ஜன்னலோரம். ஸ்டேஷனில் மற்ற எஸ்டேட்காரர்களைப் பார்ப்பார், மிளகு விலை பேசுவார், டீ வாங்கிக் கொடுப்பார், வெறுங்கையோடு திரும்பும்போது பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வருகிறவர்போல ஒரு முகம் வைத்திருப்பார். இப்போது அப்பாவுக்கு வாதம் வந்து இடதுபக்கம் வராது, லைசென்ஸ் இவன் பெயருக்கு மாறிவிட்டது, பஸ்ஸில் ஜன்னலோரமும் கிடைக்கவில்லை. சட்டைப்பையில் செல்போன் துடித்தது. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு பார்த்தான். உங்கள் பார்சல் டெலிவரிக்குப் புறப்பட்டது. திரையை அணைத்தான். அணைத்தபிறகும் அது கண்ணுக்குள் நின்றது.

அந்தப் பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்பது இந்த ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கறுப்பாக, ஒரு சின்ன டார்ச் லைட் அளவுக்கு, துப்பாக்கியின் முனையில் மாட்டினால் வெடிச்சத்தத்தை விழுங்கிவிடுகிற சைலன்சர். நியூசிலாந்தில் கிவிப்பழத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தபோது அதை அவன் மண்வெட்டி பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறான். அங்கே கடையில் ரப்பர் பூட்ஸுக்கும் மாட்டுத்தீவனத்துக்கும் நடுவில் தொங்கும். முயல் சுடுகிறவன் அது இல்லாமல் சுட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரி மறுநாள் வேலியோரம் வந்து நின்று, மிகவும் தன்மையாக, நேற்று எங்கள் குழந்தை தூங்கவில்லை என்பாள். அந்தத் தன்மைக்குப் பதிலாக இரண்டு அறை வாங்கியிருக்கலாம். ஆகவே சத்தமில்லாமல் சுடுவது அங்கே மரியாதை, அண்டை வீட்டாரோடு சுமுகமாக இருப்பதற்கு ஒரு சாமான், அவ்வளவுதான் அது. அத்தனை வருஷம் அப்படியே பழகிப்போன கைதான் இங்கே வந்து ஒருநாள் விடிகாலையில் போனை எடுத்தது. மனசு அப்போது வேறெங்கோ இருந்தது. சௌசௌ பந்தலுக்குள் காட்டுப்பன்றிகள் இறங்கியிருந்தன, விரட்டுவதற்காக வானத்தைப் பார்த்து ஒன்று சுட்டான், எப்போதும் செய்வதுதான், பன்றிகள் ஓடின, ஆனால் வீட்டுக்குள்ளே தொப்பென்று இன்னொரு சத்தம். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வர முயன்றிருக்கிறார். வெடி கேட்டால் எழுந்து ஓடவேண்டும் என்று அந்த உடம்புக்குத் தெரியும், இடதுகால் இனி வராது என்பது தெரியாது. தரையில் ஒருக்களித்துக் கிடந்தபடி, "எத்தனை உருப்படிடா வந்துச்சு, குட்டி இருந்துச்சா?" என்று கேட்டார். மூக்கிலிருந்து ரத்தம் வடிந்து மீசையில் தங்கியிருந்தது. தமயந்தியும் அவனும் தூக்கிக் கிடத்தினார்கள். அவள் ஈரத்துணியால் மீசையைத் துடைத்தாள். அதன்பிறகு சமையல்கட்டில் உட்கார்ந்து கடுங்காப்பி ஆறுவதற்குள் அவன் அதை ஆர்டர் செய்திருந்தான். படம், பிடித்திருந்தால் கூடையில் போடு, முகவரி, முடிந்தது. கொசுவலை வாங்குவதைக் காட்டிலும் சுலபமாக இருந்தது. அப்பா இனி விழக்கூடாது, அதற்குமேல் அன்றைக்கு எதுவுமே யோசிக்கவில்லை. சத்தம் போகாத துப்பாக்கியால் பன்றியை எப்படி விரட்டுவது என்றுகூட யோசிக்கவில்லை. விரட்டுவதே சத்தம்தானே. சத்தத்தை எடுத்துவிட்டால் அந்தத் துப்பாக்கியில் மிச்சம் என்ன இருக்கும், கொல்வது மட்டும்தான் இருக்கும், அதற்கு அவனுக்கு அனுமதியும் கிடையாது, மனசும் கிடையாது. இது இத்தனை நாள் கழித்து இந்தப் பெஞ்சில் உறைக்கிறது.

"தம்பி பொன்னுரங்கம் மகன்தானே?" பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் துணிப்பையில் நுழைத்த இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சுவரில் சாத்தினார். அங்குராஜ், எதிர்மலையில் காப்பித்தோட்டம். "அப்பாவக் காணாம ஸ்டேஷனே களையில்லாம கெடக்குப்பா. அவர் வந்தா டீக்காசு மிச்சம்." குமரகுரு சிரித்தான், டீ சொல்லவேண்டுமா என்று யோசித்தான், எழுந்திருக்க அலுப்பாக இருந்தது. இப்போதெல்லாம் எழுந்திருப்பதற்கே ஒரு காரணம் போதவில்லை, இரண்டு வேண்டியிருக்கிறது. "மயில் படம் போட்டு மூடிக் கொண்டாந்திருக்கீங்க. மயில அடிச்சு எடுத்துட்டு வந்தீங்கன்னு போலீஸ்காரன் எழுதிரப் போறான், பாத்து" என்று அங்குராஜ் தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கினார், குமரகுரு விரிப்பை இன்னொரு சுற்றுச் சுற்றினான். இப்படித்தான் ஆகிவிட்டது, யார் எதைச் சொன்னாலும் அது நேராக அந்தப் பார்சலில் போய் முட்டுகிறது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தினால் முட்டுகிறது. ஜீப் சத்தம் கேட்டால் முட்டுகிறது. ஆர்டர் போட்ட அன்று சாயங்காலம்தான் சந்தேகம் வந்து சட்டத்தைத் தேடிப் படித்தான். இங்கிலீஷில் அது குளிர்ந்துபோய் இருந்தது, யாரோ ஒரு நபர், எங்கோ ஒரு குற்றம், இத்தனை வருஷம்வரை நீளக்கூடிய ஒரு தண்டனை, வாக்கியம் முடிவதற்குள் அந்த நபர் யாரென்றே மறந்துபோகும். எட்டாவதுவரை தமிழிலும் அதற்குமேல் கொடைக்கானல் கான்வென்ட்டில் இங்கிலீஷிலும் படித்தவனுக்கு ஒரு வசதி, எந்தக் கெட்ட செய்தியையும் முதலில் இங்கிலீஷில் வாசித்துவிட்டு, அது வேறு யாருக்கோ என்று கொஞ்சநேரம் உட்கார்ந்திருக்கலாம். ராத்திரி படுத்தால் அதுவே தமிழில் வரும். உள்ளே வைத்துவிடுவார்கள். அவ்வளவுதான், இரண்டே வார்த்தை. ஜாமீன் சுலபத்தில் கிடைக்காதாம். அப்பாவைக் குளிப்பாட்ட யார் இருக்கிறார்கள், தமயந்தியால் அவரைத் தனியாகத் தூக்க முடியாது, அவள் முதுகு ஏற்கெனவே போய்விட்டது.

விற்றவனுக்கு எழுதினான், வேண்டாம், நிறுத்திவிடு என்று. அன்பு நண்பரே, தங்கள் பொருள் மகிழ்ச்சியுடன் புறப்பட்டுவிட்டது, கவலை வேண்டாம், பெட்டியின்மேல் வாகன உதிரி பாகம் என்று குறித்திருக்கிறோம் என்று பதில் வந்தது, கீழே ஒரு ரோஜாப்பூ. அந்த ரோஜாப்பூதான் அவனை உட்காரவைத்துவிட்டது. அதுவரை தெரியாத்தனம் என்று சொல்லிக்கொள்ள ஒரு இடம் இருந்தது, இனி யாரிடம் போய்ச் சொல்வது, தெரியாமல் வாங்கியவனுக்காக ஒருவன் ஏன் பொய்யெழுதி அனுப்புகிறான். கூடப் படித்த இன்னாசி திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்தான், அவனுக்குப் போன் போட்டு, ஒரு நண்பன் இப்படி மாட்டிக்கொண்டான் என்று ஆரம்பித்தான். முழுசாகக் கேட்டுவிட்டு இன்னாசி, "அந்த நண்பன் நியூசிலாந்துல இருந்து வந்தவனாடா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் அவனே தொடர்ந்தான். "சரி, உன் நண்பன்கிட்ட சொல்லு, அது அவன் கைக்கு வர்ற வரைக்கும் ஒரு கதை, வந்துட்டா வேற கதை. கைக்கு வர்றதுக்கு முன்னாடி அவனே போய் வாயத் தொறந்தா அது மூணாவது கதை, அது எப்படிப் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அதுலதான் அவனுக்குன்னு பேச எனக்குக் கொஞ்சம் எடம் இருக்கும்." வைப்பதற்கு முன்னால், "ஏன்டா, உனக்கு எதுக்குடா அது?" என்று கேட்டான். அப்பா விழுந்துவிட்டார் என்றான் குமரகுரு. சொல்லும்போது அவனுக்கே அது ஒரு பதிலாகத் தோன்றவில்லை. வாங்கி ஆற்றில் எறிந்துவிடலாம், அதையும் யோசித்தான். ஆற்றில் இப்போது தண்ணீர் இல்லை, பாறைதான். குழி வெட்டிப் புதைக்கலாம், பன்றி கிண்டும். வாங்காமலே திருப்பி அனுப்பலாம், அனுப்பினால் அது ஏதோ ஒரு கிடங்கில் இவன் பெயரையும் போன் நம்பரையும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், என்றைக்காவது யாராவது பிரிப்பான், என்றைக்கு என்று தெரியாது, அந்தத் தெரியாத நாளுக்காகத் தினமும் காத்திருக்கவேண்டும். நாற்பத்தெட்டு வயதில் காத்திருப்பதற்கு ஏற்கெனவே நிறைய வைத்திருந்தான். அப்பா மறுபடி விழுவது, மகளின் போன், மழை. இதில் இதுவும் சேர்ந்தால் தாங்காது. பயம்கூடப் பழகிவிடும்போலிருந்தது, பயத்தைச் சுமந்துகொண்டு நடக்கிற இந்த அசதிதான் பழகவில்லை, கால் ஆடுசதையில், புருவத்துக்கு நடுவில், எங்கு பார்த்தாலும் அசதி.

"பொன்னுரங்கம் சார் வீடு, வாங்க." உள்ளே மேசைக்குப் பின்னாலிருந்து ஏட்டு சூசைமாணிக்கம் கூப்பிட்டார். குமரகுரு எழுந்தான், முழங்கால் சொடுக்கியது. விரிப்பைப் பிரித்து மேசைமேல் துப்பாக்கியை வைத்தான், தோட்டா டப்பாவை வைத்தான், லைசென்ஸ் புத்தகத்தை வைத்தான். ஏட்டு ரைஃபிளை எடுத்து, நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். "அப்பா கை. எப்படி வச்சிருக்காரு பாருங்க, நம்ம டிபார்ட்மென்ட்டுலகூட இப்படித் தொடைக்க மாட்டானுங்க. எப்படி இருக்காரு?" இருக்கிறார் என்றான். "அந்த நாட்ல துப்பாக்கியெல்லாம் உண்டா சார்?" உண்டு என்றான், முயல் தொல்லை என்றான். ஏட்டு குழல்முனையை விரலால் தடவிக்கொண்டே பேசினார், விரல் அங்கே நின்றதா, இல்லை, சும்மாதான் தடவுகிறார். "போன மாசம் மேல்மலையில காட்டுமாடு அடிச்ச ரெண்டு பேரப் புடிச்சோம். சத்தமே கேக்கலைங்கிறான் பக்கத்துத் தோட்டத்துக்காரன். முனையில என்னத்தையோ மாட்டியிருந்திருக்கானுங்க. நீங்க பன்னி வெரட்டச் சுடுறீங்க, ஊருக்கே கேக்குது, அதுல என்ன தப்பு? சத்தம் வராமச் சுடுறவன் திருட்டுப்பயதான சார், வேற யாரு?" வாசலிலிருந்து அங்குராஜ், "பொண்டாட்டிக்குப் பயந்தவனா இருப்பான் ஏட்டையா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், குமரகுருவும் சிரித்தான், சிரிப்பு அவன் முகத்தில் வேறு யாரோ கொண்டுவந்து ஒட்டியதுபோல இருந்தது. அங்கே மரியாதையாக இருந்தது இங்கே திருட்டு. ஒரே சாமான்தான். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த குமரகுருவும் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த குமரகுருவும் ஒரே ஆள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இந்த ஏட்டிடம் நியூசிலாந்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரியையும் அவள் குழந்தையின் தூக்கத்தையும் எப்படிச் சொல்வது. அப்பா மீசையில் தங்கிய ரத்தத்தைச் சொல்லலாம், அது தமிழிலேயே சொல்லக்கூடியது. சொன்னால் நம்புவாரா. நம்பினாலும் நம்பியதை எழுத அங்கே இடம் இருக்குமா. ஏட்டு தோட்டாக்களை மேசைமேல் கவிழ்த்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். வெளியே போய்விடலாம், ரசீது கைக்கு வந்ததும் நேராகப் பஸ்ஸில் ஏறிவிடலாம், இந்த அறைக்கும் அந்தப் பார்சலுக்கும் நடுவில் முப்பது கொண்டையூசி வளைவு இருக்கிறது.

போன் அடித்தது. தமயந்தி. ஏட்டு கையைக் காட்டினார், பேசுங்க என்று. "ஏங்க, உங்களுக்கு ஏதோ பார்சல் வந்திருக்கு, டெலிவரிக்காரர் வாசல்ல நிக்கிறாரு. வாகன உதிரி பாகமாம். நம்மகிட்ட இருக்கிறது ஒரு ஓட்டை ஜீப்பு, அதுக்குக் கடல்தாண்டியா சாமான் வரணும்? வத்தலக்குண்டுல பழைய இரும்புக்கடையிலயே கெடைக்குமே." அவள் குரலில் எரிச்சல்கூட இல்லை, வழக்கமான அலுப்புதான், காலையிலிருந்து அப்பாவோடு மல்லுக்கட்டிய அலுப்பு. பின்னால் அப்பா எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். "ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்காமே, அதச் சொல்லுங்க. நீங்க இல்லைன்னா நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாமாம். போட்டுரவா? மாமா வேற உக்கார வைன்னு பிடிவாதம் பண்றாரு, சீக்கிரம் சொல்லுங்க." நம்பர் வந்திருந்தது, திரையின் உச்சியில், மேகத்துண்டுபோல. தமயந்தி கையெழுத்துப் போடும் விதம் அவனுக்குத் தெரியும். சுருக்கிக் கிறுக்கமாட்டாள், பள்ளிக்கூடப் பிள்ளைபோல நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு முழுப்பெயரையும் எழுதுவாள், மெய்யெழுத்துக்கெல்லாம் தவறாமல் புள்ளி வைப்பாள். பேங்க் பாரமோ, ரேஷன் கார்டோ, அவன் எங்கே போடச் சொன்னாலும் படிக்காமல்தான் போட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் விசா காகிதத்தில், மகளைப் பள்ளியில் சேர்த்தபோது, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவன் சொன்னபோது வீட்டை விற்ற பத்திரத்தில், எங்கே என்று மட்டும் கேட்பாள், எதற்கு என்று கேட்டதேயில்லை. இன்றைக்கும் போடுவாள். புள்ளி வைத்துப் போடுவாள். கை மாறிவிடும், இவன் கைக்கு வராமலே, இன்னாசி சொன்ன இரண்டாவது கதை அவள் கையில் ஆரம்பித்துவிடும், இவனோ ஸ்டேஷனுக்குள்ளே ஏட்டுக்கு முன்னால் நல்லபிள்ளையாகத் தோட்டா எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவன், இதைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும். அந்த நினைப்பு ஒரு நொடி வந்தது, வந்து, அது என்ன நினைப்பு என்று அவனுக்கு விளங்கியபோது போனை மறுகாதுக்கு மாற்றினான். "ஏங்க? இருக்கீங்களா?" என்றாள். ஏட்டு கடைசித் தோட்டாவை நகர்த்திவிட்டு, பேனா மூடியைக் கழற்றி, ரசீதின்மேல் அவன் பெயரை எழுத ஆரம்பித்திருந்தார். வெளியே அங்குராஜ் யாரிடமோ மிளகு விலை கேட்டார். "தமயந்தி, கையெழுத்துப் போடாத. தொடாத. போனை அவர்ட்ட குடு" என்றான் குமரகுரு. சொன்ன வேகத்தில் ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். மறுமுனையில் ஒரு இளங்குரல், "சார், நம்பர் சொல்றீங்களா, மேல இன்னும் நாலு வீடு இருக்கு" என்றது. மலையிறங்கும்போது வழியில்தான் ஸ்டேஷன், அங்கே கொண்டுவந்து ஏட்டு சூசைமாணிக்கத்திடம் பார்சலைக் கொடுக்கும்படி அவன் சொன்னான்.